நகரங்களின் கதை: நீம் நகரின் மூன்று கப்றுகள்



பிரான்ஸ் நாடு என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது பாரிஸ் நகரமும் ஈஃபல் கோபுரமும்தான். இம்மாதம் நாம் காணப்போவது அந்நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலுக்கு அண்மையில் உள்ள நீம் என்னும் பழம்பெரும் நகரமாகும். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம் அது. ரோமானியர் கட்டிய கோயில், அரங்கு, கோட்டை வாயில், நீர்த்தொட்டி என்று பலவும் அங்கே இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்க உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

நமக்கோ அந்நகரம் முக்கியமாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் மண்ணுக்குள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக மூன்று முஸ்லிம்கள் கிப்லாவை முன்னோக்கியபடி படுத்திருந்தார்கள். அவர்களது கதையை நிறைவில் சொல்கிறேன். முதலில் ஊரைச் சுற்றி வருவோம்.

ஊற்றருகே ஓர் ஊர்

குடிநீர் உள்ள இடத்தில்தானே ஊர் எழும்பும்? நீம் நகரமும் ஒரு நீரூற்றின் ஓரத்தில் தோன்றியதுதான். ரோமானியர் வருவதற்கு முன்பே கெல்ற் இன மக்கள் அங்கு குடியிருந்தனர். அந்த ஊற்றை நெமாவுசுஸ் என்ற பெயரில் தெய்வமாக வணங்கினர். அப்பெயரே காலப்போக்கில் தேய்ந்து நீம் ஆயிற்று.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூர் ரோமரின் ஆட்சியின் கீழ் வந்தது. பேரரசர் அகஸ்டஸ் அதற்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளமான மதிலைக் கட்டிக் கொடுத்தார். அந்த மதிலின் உயர்ந்த கோபுரம் ஒன்று, தலை சிதைந்த நிலையிலும் 30 மீற்றருக்கு மேல் உயர்ந்து, குன்றின் உச்சியில் இன்றும் நிற்கிறது. ஊற்றைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் அழகிய பூங்கா ஒன்றை அமைத்தார்கள். மாலை நேரங்களில் தாய்மார் பிள்ளைகளோடு வந்து உட்காரும் இடம் அது.

இந்நகரின் சின்னம் என்ன தெரியுமா? ஈச்ச மரத்தில் சங்கிலியால் கட்டப்பட்ட ஒரு முதலை! பிரான்ஸுக்கும் முதலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கி.மு. 30ஆம் ஆண்டில் அகஸ்டஸ் எகிப்தை வென்றார். அவ்வெற்றியைக் குறிக்க நீம் நகரில் வெளியிட்ட நாணயத்தில் நைல் நதியின் முதலையைப் பொறித்தார்கள். அந்த முதலைதான் இன்று நகர வீதிகளிலும் அரசாங்கப் பத்திரங்களிலும் சின்னமாக இருக்கிறது. ஒரு நாட்டின் தோல்வி இன்னொரு ஊரின் அலங்காரமாகி விட்டது.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கோயில்

நகரின் நடுவே 'சதுர வீடு' என்று பொருள்படும் மெஸோன் கர்ரே என்ற ரோமக் கோயில் இருக்கிறது. பெயர்தான் சதுரம், கட்டடம் நீள்சதுரம். நீளம் சுமார் 26 மீற்றர், அகலம் 15 மீற்றர். இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் தூண்களும் கூரை விளிம்பின் செதுக்கு வேலைகளும் குலையாமல் இருக்கின்றன. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலச் சட்டசபைக் கட்டடம் இதை மாதிரியாக வைத்தே கட்டப்பட்டது. 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இக்கோயில் யாருக்காகக் கட்டப்பட்டது என்பது நெடுங்காலமாக எவருக்கும் தெரியாதிருந்தது. முகப்பில் பதித்திருந்த வெண்கல எழுத்துகளை எவரோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எழுத்துகளை இறுக்கிய ஆணிகளின் துளைகள் மாத்திரமே கல்லில் எஞ்சியிருந்தன. 1758ஆம் ஆண்டில் அவ்வூர் அறிஞர் செகியே என்பவர் அந்தத் துளைகளின் அமைப்பை வைத்தே எழுத்துகளைக் கண்டுபிடித்தார். காயுஸ், லூசியுஸ் என்ற இரண்டு இளவரசர்களின் பெயர்கள் வெளிவந்தன.

இவ்விருவரும் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள். தமக்கு ஆண் வாரிசு இல்லாததால் பேரப்பிள்ளைகளையே மகன்மாராகச் சுவீகரித்து, தமக்குப் பின் நாடாள்வார்கள் என்று அவர் நம்பியிருந்தார். லூசியுஸ் கி.பி. 2இல், 18 வயதில், நீமுக்குத் தொலைவில்லாத மார்செய் நகரில் இறந்தார். காயுஸ் கி.பி. 4இல், 23 வயதில் இறந்தார். பாட்டனாரின் கணக்கு ஒன்றாக இருந்தது. அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது. உலகையே ஆண்டவரின் பேரர்களுக்கு மிஞ்சியது கல்லில் சில துளைகள்.

அக்கோயிலும் பிற்காலத்தில் தேவாலயமாயிற்று, குதிரை லாயமாயிற்று, பழைய ஆவணங்கள் வைக்கும் இடமாயிற்று. அதற்கு எதிரே 1993ஆம் ஆண்டில் கண்ணாடியால் ஒரு கலைக்கூடமும் நூலகமும் எழுப்பப்பட்டன. பழமையும் புதுமையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

அரங்கும் மனைவிமார் வைத்த கற்களும்

அடுத்தது நகரின் புகழ்பெற்ற அரங்கு. முட்டை வடிவில், 133 மீற்றர் நீளமும் 101 மீற்றர் அகலமும் கொண்டது. வெளிச்சுவரில் இரண்டு அடுக்குகள், அடுக்குக்கு 60 வளைவுகள். கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியளவில் கட்டப்பட்டது. 20,000க்கும் அதிகமானோர் உட்கார்ந்து பார்க்கலாம்.

எதைப் பார்த்தார்கள்? மனிதனும் மனிதனும் வாளெடுத்துப் போரிட்டு இரத்தம் சிந்துவதைப் பார்த்தார்கள். அதுதான் அக்காலத்துப் பொழுதுபோக்கு. அப்போராளிகளில் அநேகர் அடிமைகள். கட்டடத்தின் அழகைப் பேசும் நூல்கள் அநேகம். அந்த மண்ணில் மாண்டவர்களைப் பேசுபவை குறைவு.

ஆனால் அவர்களுடைய அடக்கத்தலங்களில் வைக்கப்பட்ட கற்கள் சில நீம் நகரில் கிடைத்திருக்கின்றன. பெரில்லுஸ் என்பவருடைய கல் ஒன்று. கிரேக்கர், தேரில் இருந்து போரிடுபவர், இருபது போர்களின் பின் விடுதலை பெற்றவர், இறக்கும்போது வயது 25. கல்லை வைத்தவள் நோமஸ் என்ற அவருடைய மனைவி. இன்னொரு கல் வலை வீசிப் போரிட்ட பொம்பெயுஸ் என்பவருடையது. ஒன்பது வெற்றி முடிகள் பெற்றவர். அவருக்கும் வயது 25தான். அவருடைய மனைவி ஒப்டாட்டா தன் சொந்தப் பணத்தில் அக்கல்லை வைத்ததாக அதிலேயே பொறித்திருக்கிறாள்.

சகோதரிகளே, அந்தப் பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருபதாயிரம் பேர் கைதட்டி மகிழ்ந்த அந்த விளையாட்டில் ஒப்டாட்டாவுக்குக் கிடைத்தது விதவைக் கோலம். அரங்கைக் கட்டியவரை விட, அந்தச் சிறு கல்லை வைத்தவளே என் மனதில் உயர்ந்து நிற்கிறாள்.

ரோம ஆட்சி வீழ்ந்த பின் அரங்கு கோட்டையாக மாறியது. பின்னர் அதற்குள்ளேயே வீடுகள் எழும்பி, நூற்றுக்கணக்கானோர் குடியிருந்து, ஓர் ஊராகவே ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வீடுகளை அகற்றி அரங்கை வெளிக்கொணர்ந்தார்கள். இன்று அங்கே இசை நிகழ்ச்சிகளும், வருத்தத்துக்குரிய காளைச் சண்டைகளும் நடக்கின்றன. அரங்குக்கு எதிரே 2018இல் திறக்கப்பட்ட ரோம மரபு நூதனசாலையை வடிவமைத்தவர் எலிசபெத் தெ போர்ட்ஸாம்பார்க் என்ற பெண் கட்டடக் கலைஞர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஐம்பது கிலோமீற்றர் நடந்து வந்த தண்ணீர்

ஊர் பெருத்ததும் பழைய ஊற்று போதவில்லை. ஆகவே 20 கிலோமீற்றர் அப்பாலுள்ள யுஸெஸ் என்ற ஊரின் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர ரோமானியர் திட்டமிட்டார்கள். இடையில் மலையும் பள்ளத்தாக்கும் இருந்தன. ஆகையால் சுற்றிச் சுற்றி 50 கிலோமீற்றர் நீளத்துக்குக் கல் வாய்க்கால் அமைத்தார்கள். அன்று மோட்டார் இல்லை, பம்பு இல்லை. தண்ணீர் தானாகவே சரிந்து ஓட வேண்டும். 50 கிலோமீற்றருக்கும் மொத்தச் சரிவு 12 மீற்றர் சொச்சம்தான்! அதாவது ஒரு கிலோமீற்றருக்குச் சராசரியாக ஒரு சாண் அளவு.

கார்தோன் ஆற்றைக் கடக்க அவர்கள் கட்டிய மூன்றடுக்குப் பாலம்தான் போன் தூ கார். உயரம் ஏறத்தாழ 49 மீற்றர். கீழடுக்குகளில் ஆறு தொன் வரை நிறையுள்ள கற்களைச் சாந்து பூசாமலே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். கி.பி. முதலாம் நூற்றாண்டில் கட்டிய அப்பாலம் எத்தனையோ வெள்ளங்களைக் கண்டும் அசையாமல் நிற்கிறது. 1985 முதல் அதுவும் உலக மரபுரிமைச் சின்னம்.

நகருக்கு வந்த தண்ணீர் ஒரு வட்டத் தொட்டியில் விழுந்து, சுவரிலுள்ள பத்துத் துவாரங்கள் வழியாக ஈயக் குழாய்களில் பிரிந்து போயிற்று. மண்ணுக்குள் மறைந்துகிடந்த அத்தொட்டி 1844இல் வெளிப்பட்டது.

ஆனால் கட்டுவதை விடப் பேணுவது கடினம் என்பது பெண்களாகிய நமக்குத் தெரியும். அந்த ஊற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். நம் கேத்தலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கிறதே, அதுபோல வாய்க்காலின் இரு பக்கமும் படை பிடித்துத் தடித்தது. பேரரசு பலமாக இருந்தவரை ஆள் வைத்துச் சுரண்டினார்கள். நான்காம் நூற்றாண்டுக்குப் பின் அக்கவனம் குறைந்தது. வாய்க்கால் வரவர ஒடுங்கி, ஆறாம் நூற்றாண்டளவில் தண்ணீர் வரத்து நின்றே போயிற்று. பாலத்தை வெள்ளம் உடைக்கவில்லை; வாய்க்காலைக் கவனக்குறைவு அடைத்தது.

பிள்ளைகள் அணியும் டெனிம் துணி

நம் வீட்டுப் பிள்ளைகள் அணியும் டெனிம் துணியும் இந்நகரின் பெயரைத் தாங்கியிருப்பதாகச் சொல்வார்கள். 'தெ நீம்' என்றால் பிரெஞ்சு மொழியில் 'நீம் ஊரைச் சேர்ந்த' என்று பொருள். அவ்வூரில் நெய்த செர்ஜ் என்னும் தடித்த துணியின் பெயரே சுருங்கி டெனிம் ஆயிற்று என்பது பொதுவான கருத்து. நெசவு நீம் மக்களின் பழைய தொழில். 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பார்த்து அதே பாணியில் பூவேலைச் சால்வைகளை நெய்து ஐரோப்பா எங்கும் அனுப்பினார்கள்.

முஸ்லிம்கள் வந்த காலம்

இனி நம் கதைக்கு வருவோம். கி.பி. 711இல் முஸ்லிம்கள் ஸ்பெயினுக்குள் நுழைந்தார்கள். 719ஆம் ஆண்டளவில் பிரெனி மலைகளைத் தாண்டி நார்போன் நகரைக் கைப்பற்றினார்கள். 725இல், உமையாக் கலீபா ஹிஷாம் அவர்களின் ஆட்சிக் காலத்தில், அந்தலூஸின் ஆளுநர் அன்பஸா இப்னு ஸுஹைம் நீம் நகரை எடுத்தார். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் ஆரம்ப காலம் அது. நீம் சமாதான முறையில் வசமானது என்று அக்காலக் கிறிஸ்தவர்களின் வரலாற்றுக் குறிப்பொன்றே கூறுகிறது.

732இல் புவாத்தியே நகருக்கு அண்மையில் நடந்த போரில் முஸ்லிம் படை தோல்வி கண்டதைப் பாடப் புத்தகங்கள் சொல்லும். அதில் வென்ற சார்ள்ஸ் மார்ட்டெல் 737இல் தெற்கே வந்து நீம் நகரின் வாயில்களைத் தகர்த்தார். கோட்டையாயிருந்த அரங்குக்கும் தீ வைத்தார். 752இல் நகரம் அவருடைய மகன் பெப்பினின் வசமாயிற்று. ஆக, நீம் நகரில் முஸ்லிம்களின் காலம் ஒரு தலைமுறை அளவுதான். பள்ளிவாசலோ கல்வெட்டோ அங்கு கிடைக்கவில்லை. அவர்கள் அங்கே வாழ்ந்தார்களா, அல்லது குதிரையில் வந்து குதிரையில் போய்விட்டார்களா என்பதைச் சொல்ல மண்ணில் சாட்சி இல்லாதிருந்தது.

மண் சொன்ன சாட்சி

2006, 2007ஆம் ஆண்டுகளில் நகருக்குள் தொல்பொருள் அகழ்வு நடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது அளவில் அடக்கக் குழிகள் வெளிப்பட்டன. அவற்றுள் மூன்று மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. அந்த மூன்றிலும் மையித்துகள் மல்லாந்து கிடக்கவில்லை. வலப்பக்கமாகச் சரித்து வைக்கப்பட்டிருந்தன. முகங்கள் தென்கிழக்கை நோக்கியிருந்தன. நீம் நகரிலிருந்து மக்கா இருப்பது அத்திசையில்தான்.

ஆய்வாளர்கள் எலும்புகளைக் காலக் கணிப்புக்கு உட்படுத்தினார்கள். ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று தெரிந்தது. மரபணுவைச் சோதித்தபோது மூவரும் ஆண்கள் என்பதும், தந்தை வழியில் வட ஆபிரிக்காவைச் சேர்ந்தவர்கள் என்பதும் தெரியவந்தன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, உமையாப் படையில் இணைந்திருந்த பர்பர் இனத்தவராக இருக்க வேண்டும் என்று கருதினார்கள். 2016இல் ஆய்வு வெளியானது. பிரான்ஸில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழைமையான முஸ்லிம் கப்றுகள் இவையே என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின.

இன்னொரு செய்தியையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்த மூவரும் ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் புதைக்கப்படவில்லை. பழைய ரோம மதிலுக்கு உள்ளே, மற்றவர்களின் அடக்கங்களுக்கு அண்மையிலேயே அடக்கப்பட்டிருந்தார்கள். வாள்களின் கதையை மாத்திரமே படித்திருந்தவர்களுக்கு, இரு சமூகங்களும் ஒரே ஊருக்குள் அடுத்தடுத்து வாழ்ந்திருக்கலாம் என்பதை அந்த மண் காட்டிக் கொடுத்தது.

இதை வைத்துப் பெருமையடிக்கவோ, அந்த மண் எங்களுடையது என்று உரிமை பேசவோ தேவையில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சிந்தியுங்கள். இறந்த மனிதன் தானாக வலப்பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. யாரோ திருப்பி வைக்க வேண்டும். கிப்லா எந்தப் பக்கம் என்பதை அந்நிய ஊரில் யாரோ கணித்திருக்க வேண்டும். யாரோ குழி வெட்டி, மெதுவாக இறக்கி, முகத்தைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். ஆகவே அந்த மூன்று கப்றுகள் இறந்துபோன மூவருக்கு மாத்திரம் சாட்சியல்ல. அவர்களுக்குக் கடமை செய்த உயிருள்ள ஒரு ஜமாஅத்துக்கே சாட்சி.

வெண்கல எழுத்தில் பெயர் பொறித்த இளவரசர்களின் பெயரை எவரோ பெயர்த்துச் சென்றார்கள். இந்த மூவருக்கும் பெயர் பொறித்த கல் கிடையாது. எந்த ஊர், யார் பிள்ளை, எதுவும் தெரியாது. என்றாலும் அவர்கள் யாரென்று கேட்டபோது, படுத்திருந்த விதமே பதில் சொல்லிற்று.

மையித்தை மண்ணில் அடக்குவது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை இந்நாட்டு முஸ்லிம்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, அந்நோயால் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்றிருந்த நாட்களை எந்தத் தாய் மறப்பாள்? அந்நாட்களில் கபனும் கப்றும் கிடைக்காமல் போன ஜனாஸாக்களை எண்ணும்போது, நீம் நகரில் அந்த மூவருக்கும் கிடைத்த ஆறடி மண்ணின் பெறுமதி விளங்குகிறது.

நம் வீடுகளில் ஜனாஸாக் கடமைகளை மூத்த பெண்கள் சிலர் மாத்திரமே அறிந்திருக்கிறார்கள். குளிப்பாட்டுவது, கபனிடுவது, அதன் ஒழுங்குகள் எல்லாம் அவர்களோடு நின்றுவிடக் கூடாது. சுரண்டாமல் விட்ட வாய்க்கால் அடைபட்டதைப் போல, சொல்லிக் கொடுக்காமல் விட்ட அறிவும் அடைபட்டுப் போகும். வளர்ந்த பெண் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கற்றுக் கொடுப்போம். தெரியாதவர்கள் தெரிந்த மூத்தவர்களிடம் வெட்கப்படாமல் கேட்டுக்கொள்வோம்.

பெயர் தெரியாத அந்த மூவருக்கும், அவர்களைக் கிப்லாவின் பக்கம் திருப்பி வைத்த கைகளுக்கும் அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் இன்னொரு நகரத்தின் கதையோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.